நிற்க மாட்டேன் என்ற வண்டி

தவக்காலம் வந்துவிட்டால் சவேரியார்நத்தத்தில் ஆளாளுக்கு எதையாவது விடுவார்கள். ஒருவர் கறியை விடுவார். ஒருவர் பீடியை விடுவார். போன வருஷம் கோயில் பாடகர் குழுவில் ஒருவர் பொய் சொல்வதை விட்டார். பாவம், ஈஸ்டர் வரைக்கும் அவருக்குப் பேசவே எதுவும் இல்லாமல் போயிற்று. இந்த வருஷம் உடற்கல்வி ஆசிரியர் குழந்தைராஜ் தன் காரை விடுவது என்று தீர்மானித்தார்.

விடுவது என்றால் சும்மா விடுவதில்லை, ஒழித்துக் கட்டுவது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலை வாங்கிக்கொண்டு கோயில் படி இறங்கும்போதே, மரத்தடியில் நின்ற அந்தச் சின்னக் காரைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டார்: நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்.

அவருக்கு வேலை கிடைத்த புதிதில் வாங்கிய கார் அது. அந்தக் காலத்தில் அதைவிட மலிவாக ஒரு கார் கிடையாது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். அந்த நாலு பேரும் மூச்சை வெளியே விட்டால் ஐந்தாவது ஆளும் உட்காரலாம். வெள்ளையாக வந்த வண்டி, ஆற்றங்கரைப் புழுதியைக் குடித்துக் குடித்துப் பழைய வேட்டி நிறத்துக்கு வந்திருந்தது. குழந்தைராஜோ ஆறடி. ஸ்டீரிங்குக்கு இந்தப் பக்கம் ஒரு முழங்கால், அந்தப் பக்கம் ஒரு முழங்கால். சார் காரை ஓட்டுகிறாரா அல்லது சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டிருக்கிறாரா என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குள் ஒரு விவாதமே உண்டு.

அந்த வண்டியிடம் அவர் கண்ட குறை ஒன்றே ஒன்றுதான். அதில் குறையே இல்லை. சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே கிளம்பும். பெட்ரோலை மோந்து பார்த்துவிட்டே கும்பகோணம் போய்த் திரும்பிவிடும். ஐப்பசி மழையில் கண்ணாடியை இறக்கிவிட்டு மறந்துபோய், உள்ளே மிதியடியில் காளான் முளைத்தபோதுகூட, காளானோடு சேர்ந்து கிளம்பியது. இப்படிப்பட்ட வண்டியை என்ன சொல்லி விற்பது?

எல்லாம் கிளமென்டால் வந்த வினை. கிளமென்ட் அவருடைய சகலை. மனைவி மரியபுஷ்பத்தின் தங்கை பிரின்ஸியைக் கட்டியவர். தஞ்சாவூரில் உரக்கடை. தை மாதம் அவர் ஒரு பெரிய கார் வாங்கி, பூண்டி மாதா கோயிலுக்கு மந்திரிக்கக் கொண்டுவந்தார். சின்னக் கார் என்றால் சின்னது, பெரிய கார் என்றால் அப்படி ஒரு பெரிசு. ஏறுவதற்குப் படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, உள்ளே போனால் டிவி. சாமியார் தீர்த்தம் தெளித்து முடிப்பதற்குள் அவருக்குக் கை வலித்துவிட்டது. பக்கத்தில் நின்ற குழந்தைராஜின் வண்டி மேல் நாலு சொட்டு தெறித்தது. அதற்கு அதுவே முழுக்குளியல்.

கிளமென்ட் அதைப் பார்த்துவிட்டு, "இத எதுக்குண்ணே இன்னும் வெச்சுக்கிட்டு? என் வண்டி டிக்கியில போட்டா ஸ்டெப்னி மாதிரி அழகா உக்காந்துக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். குழந்தைராஜுக்குச் சாமியார் சிரித்ததுதான் தாங்கவில்லை.

அங்கேயே, அத்தனை பேர் முன்னாலேயே திரும்பி மனைவியிடம் சொன்னார்: "புஷ்பம், ஈஸ்டருக்கு நாமளும் பெரிய வண்டியில வர்றோம்."

"எதுக்குங்க?"

"எதுக்கா? இத வித்துட்டுத்தான்."

"ஓடுற வண்டிய யாராவது விப்பாங்களா?"

"ஓடாத வண்டிய யாராவது வாங்குவாங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இது இன்னைக்கு வரைக்கும் நம்மள நடுவழியில விட்டிருக்கா? ஒரே ஒரு தடவை, வழியில நின்னுச்சுன்னு காட்டுங்க. மறுநாளே வித்துட்டு உங்க இஷ்டத்துக்கு வாங்கிக்கங்க. நான் வாயே தொறக்க மாட்டேன். மாதா சன்னதியில நின்னு சொல்றேன். கிளமென்ட் சாட்சி."

கிளமென்ட் சந்தோஷமாகச் சாட்சியானார்.

மரியபுஷ்பம் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. சத்தம் போட்டுப் பேசியதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து குழந்தைராஜ் அவளிடம் எதிலும் ஜெயித்ததும் கிடையாது. இந்தத் தடவை விஷயம் சுலபம் என்று நினைத்தார். பழைய வண்டி. நிற்பதற்கு அதற்கு என்ன கேடு?

தை போயிற்று, மாசி வந்தது. வண்டி நிற்கவில்லை. சாம்பல் புதனுக்குப் பிறகு அவரே களத்தில் இறங்கினார்.

எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. மாற்றவில்லை. வண்டி ஓடியது. கிளட்ச் மேல் காலை வைத்தபடியே கும்பகோணம் போய் வந்தார். கால் வீங்கியது, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டில் மூன்றாவது கியரில் கிளம்பினார். அது கொஞ்சம் முனகியது, கிழவர்கள் நாற்காலியிலிருந்து எழும்போது முனகுவார்களே அந்த மாதிரி, பிறகு கிளம்பிவிட்டது.

ஒரே ஒரு நம்பிக்கை தரும் அறிகுறி தென்பட்டது. தினமும் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போவது ஸ்கூட்டரில். காரை எடுப்பது சனி, ஞாயிறு மட்டும். கொஞ்ச காலமாகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறி உட்கார்ந்தால் இரண்டு முழங்காலும் டொக்கென்று டேஷ்போர்டில் இடித்தன. சீட்டு முன்னால் நகர்ந்து கிடந்தது. கீழே கையை விட்டுக் கம்பியைத் தூக்கிப் பின்னால் தள்ளினால் 'களக்' என்று போய் உட்காரும். அடுத்த சனிக்கிழமை மறுபடி முன்னால்.

"புஷ்பம், இந்த சீட்டு தானா முன்னால வந்துடுது பாரு."

"பழைய வண்டி இல்லீங்களா. சறுக்கியிருக்கும்."

அவள் வாயாலேயே 'பழைய வண்டி' என்று வந்ததில் அவருக்கு அவ்வளவு ஆனந்தம். ஒரு வழியாகக் கோளாறு ஆரம்பித்துவிட்டது என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

ஆனால் சீட்டு சறுக்கினால் வண்டி நிற்காதே. மெயின் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜாஹித்திடம் போனார்.

"ஜாஹித், உன்கிட்ட ஒரு ரகசியம்."

"சொல்லுங்க சார்."

"இந்த வண்டி கொஞ்சம் கெட்டுப்போகணும்."

"கெட்டுப்போச்சு, சரி பண்ணணும். அதானே?"

"இல்லப்பா. கெட்டுப்போகணும். அவ்வளவுதான்."

ஜாஹித் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சார், சீக்காளிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க. நல்லா இருக்கறவனக் கூட்டிட்டு வந்து சீக்காக்குங்கன்னா எந்த டாக்டர் சார் செய்வாரு?"

"ஒரே ஒரு தடவை வழியில நின்னா போதும்."

"இதுல நிக்கறதுக்கு என்ன சார் இருக்கு? புது வண்டின்னா நூறு ஒயரு, அம்பது லைட்டு, ஒண்ணு அணைஞ்சாலும் நிக்கும். இதுல ஒரு எஞ்சின், ஒரு ஸ்டீரிங், நடுவுல நீங்க. இதுல கோளாறு வரணும்னா உங்களுக்குத்தான் வரணும்."

"சரி விடு. புஷ்பத்துக்கிட்ட மட்டும் சொல்லிடாத."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது சார்" என்றான் ஜாஹித். அந்த வாக்கை அவன் கடைசி வரை காப்பாற்றினான்.

இதற்கு நடுவில் உளுந்து வந்து சேர்ந்தது.

மரியபுஷ்பத்துக்கு அவள் அப்பா கொடுத்த நிலம் கொஞ்சம் உண்டு. சம்பா அறுத்ததும் அதிலேயே உளுந்து தெளிப்பார்கள். பங்குனியில் செடியோடு பிடுங்கிக் காயவைத்து அடிப்பார்கள். நெல், உளுந்து, ஆள், கூலி எல்லாம் அவள் பொறுப்பு. நிலம் எந்த வரப்பில் ஆரம்பித்து எந்த வரப்பில் முடிகிறது என்பதே குழந்தைராஜுக்குத் தெரியாது. உளுந்து என்றால் அவரைப் பொறுத்தவரை இட்லிக்குள்ளே இருக்கும் ஒரு சமாச்சாரம்.

"என்னங்க, உளுந்து களத்துல கிடக்கு. வெயிலுக்கு வெடிச்சு வெடிச்சுத் தானா கொட்டுது. மேகம் வேற ரெண்டு நாளா கூடிக் கூடிக் கலையுது."

"ஆளை விட்டு அடிக்கச் சொல்லு."

"ஆள் கிடைச்சா உங்ககிட்ட எதுக்குங்க வர்றேன்?"

"டிராக்டர ஏத்தச் சொல்லு."

"ஏத்தினா பாதி உளுந்து அங்கேயே உடைஞ்சு பருப்பாயிடும். வெதைக்கும் ஆகாது. நம்ம சின்ன வண்டிதான் அதுக்கு அளவான வெயிட்டு. சனிக்கிழமை மேல ரெண்டு சுத்து விட்டீங்கன்னா தொலி தனியா, உளுந்து தனியா வந்துடும்."

குழந்தைராஜ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"புஷ்பம், நான் யாரு?"

"சொல்லுங்க."

"மாவட்ட கபடிக்கு விசில் ஊதுனவன். என் விசில் சத்தம் கேட்டா முப்பது பேரு மூச்ச அடக்கிக்கிட்டு நிப்பான். என்னைப் போயி உளுந்து மேல போக வர, போக வர ஓட்டச் சொல்றியே, ஊரு என்ன சொல்லும்? உங்க கிளமென்ட் காதுக்குப் போனா என்ன ஆகும்? நான் என்ன வாத்தியாரா, போரடிக்கிற மாடா?"

மரியபுஷ்பம் தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தி, ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். அதற்கப்புறம் உளுந்து என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. பேச்சு நின்றதும் குழந்தைராஜ், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். அனுபவம் பற்றாது.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. ஈஸ்டர் துணி எடுக்கக் கும்பகோணம் போவதாக ஏற்பாடு. குழந்தைராஜ் தலை சீவிக்கொண்டிருக்கும்போது அவள் உள்ளே இருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, இன்னைக்குக் குறுக்கு ரோட்டுல போயிடாதீங்க. பெரிய ரோட்டுலயே போங்க."

"ஏன்?"

"வாய்க்கால் பாலத்துலேர்ந்து ரோடு முழுக்க நம்ம ஊரு மருதையன் உளுந்துச் செடியப் பரப்பி வெச்சிருக்கான். முழங்கால் ஒசரம். முந்தாநேத்து ஏதோ ஒரு கார் தெரியாத்தனமா உள்ள போயி, கொடி சக்கரத்துல சுத்தி, அச்சுல சுத்தி, அப்படியே நின்னுடுச்சாம். கயிறு கட்டித்தான் இழுத்தாங்களாம்."

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"நின்னே போச்சா?"

"நடு ரோட்டுல."

"சின்னக் காரா, பெரிய காரா?"

"நம்மளத விட பெரிசுன்னுதான் சொன்னாங்க. அதான் பயமா இருக்கு. நம்ம வண்டி எம்மாத்திரம்?"

குழந்தைராஜ் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்று கிளமென்டுக்குப் போன் போட்டார். அன்று சரக்கு விஷயமாகக் கிளமென்டும் கும்பகோணம் வருகிறவர்தான்.

"சகலை, திரும்பிப் போகையில எங்க ஊர் குறுக்கு ரோடு வழியா வாங்க. ஒரு மூணு மணி வாக்குல. கயிறு இருந்தா எடுத்துக்கங்க."

"எதுக்குண்ணே கயிறு?"

"சாட்சின்னா சும்மாவா? வந்து பாருங்க."

காலையிலேயே கிளம்ப அவர் தயார். மரியபுஷ்பம்தான் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டிருந்தாள். "வெயில் நல்லா ஏறட்டுங்க" என்றாள். துணிக்கடைக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. ஒரு வழியாக அவள் வந்தபோது பழைய நூல் சேலை கட்டியிருந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் பெரிய தண்ணீர் கேன், தோளில் துண்டு.

"கடைக்குப் போக எதுக்குடி தூக்குவாளி?"

"தவக்காலம்ங்க. ஓட்டல்ல போயி உக்காந்தா நாக்கு கறி கேக்கும். எலுமிச்சம்பழ சாதம் கட்டியிருக்கேன்."

எவ்வளவு பக்தியான மனைவி என்று அவருக்கே கொஞ்சம் மனசு உறுத்தியது. ஏறி உட்கார்ந்தார். முழங்கால் டொக். சீட்டைப் பின்னால் தள்ளினார். களக்.

ஊர் எல்லையில் ரோடு இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. குழந்தைராஜ் ஸ்டீரிங்கைக் குறுக்கு ரோட்டுப் பக்கம் ஒடித்தார்.

"அய்யய்யோ, சொன்னேனேங்க."

"அடடா. பேசிக்கிட்டே வந்ததுல மறந்துட்டேன்."

வீட்டிலிருந்து அதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மரியபுஷ்பம் அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஜன்னல் வழியே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாலத்தைத் தாண்டியதும் தெரிந்தது. ரோட்டை அடைத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, காய்ந்து கருத்த உளுந்துச் செடி. ஓரத்துப் புங்க மரத்தடியில் மருதையன் கையில் கவைக்கம்போடு நின்றுகொண்டிருந்தான். குழந்தைராஜ் சிலுவை போட்டுக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தார்.

படபடபடவென்று சக்கரத்தடியில் நெற்றுகள் வெடித்தன. வண்டி செடிக்குள் முங்கி, முக்கி, மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. நிற்கவில்லை.

"அப்பாடா. தாண்டியாச்சு, போங்க" என்றாள் மரியபுஷ்பம்.

"இரு இரு. கண்ணாடியில ஏதோ தெரிஞ்சுது. பின்னால போயிப் பாத்துடறேன்."

பின்னால் போனார். படபடபட. நிற்கவில்லை. மறுபடி முன்னால். ரோட்டின் இடது ஓரத்தில் செடி உயரமாகக் கிடந்தது, அதில் ஏற்றினார். வண்டி ஏறி இறங்கியது. மருதையன் ஓடிவந்தான். திட்டப்போகிறான் என்று குழந்தைராஜ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கப்பா மருதையா. தெரியாம ஏத்திட்டேன்."

"பரவால்ல சார். ஒங்களுக்கு எம்மாஞ் சோலி, கவனம் தப்பறதுதான்" என்றான் மருதையன். "வலது பக்கமும் கொஞ்சம் தெரியாம ஏத்திக்கங்க."

உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று குழந்தைராஜ் நெகிழ்ந்துபோனார். வலது பக்கமும் ஏற்றினார்.

அதற்குப் பிறகு அவருக்கு வெறி பிடித்துவிட்டது. முன்னால், பின்னால், இடது, வலது. ஒவ்வொரு தடவை வண்டி தாண்டியதும் மருதையன் கவைக்கம்பால் செடியைக் கிளறிப் புரட்டிப் போட்டான். அடுத்த தடவை இன்னும் நன்றாகச் சிக்கும் என்று குழந்தைராஜும் தெம்பாகத் திரும்பி வந்தார். நடுவில் இரண்டு மூன்று தடவை கொடி சக்கரத்தில் சுற்றி வண்டி திணற ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மருதையன் அரிவாளோடு குனிந்து சரக் சரக்கென்று அறுத்து எடுத்துவிட்டான்.

"விடுப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அது எப்படி சார்? வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

மரியபுஷ்பம் எப்போதோ இறங்கி மரத்தடிக்குப் போய்விட்டாள். "நீங்க எப்படியாவது வண்டிய வெளிய எடுத்துட்டு வாங்க. எனக்கு உள்ள உக்காரப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். வெயில் உச்சிக்கு வந்தது. அவர் வண்டியை விட்டு இறங்கி வந்தபோது எலுமிச்சம்பழ சாதம் மூன்று இலையில் தயாராக இருந்தது. மூன்றாவது இலை மருதையனுக்கு. துணிக்கடைக்குக் கட்டிய சாதம் மூன்று பேருக்குச் சரியாக இருந்ததே என்று குழந்தைராஜ் ஒரு கணம் யோசித்தார். பசியில் யோசனை நீளவில்லை.

சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறினார். இப்போது இது வண்டிக்கும் அவருக்கும் இடையிலான விவகாரம். உளுந்துச் சுணை சட்டைக்குள் புகுந்து முதுகெல்லாம் அரித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. வண்டியின் முன்பக்கக் கம்பியில் கொடி மாலையாகத் தொங்கியது; அதற்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. அது நிற்கவில்லை. இத்தனை வருஷம் தன்னோடு மல்லுக்கு நிற்கும் பையன்களையெல்லாம் ஓடவிட்டுச் சலிக்க வைத்தவர், கடைசியில் தானே சலித்துப்போய், எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

மருதையன் செடியை உதறி ஓரத்தில் ஒதுக்கினான். அடியில் ரோடு கறுப்பாக மின்னியது. அத்தனையும் உளுந்து. ஒன்றுகூட உடையாமல், உருண்டை உருண்டையாக. வாய்க்கால் பக்கமிருந்து காற்று வந்தது. முறத்தால் வாரித் தூற்றினான். பொட்டும் தூசியும் பறந்துபோக, உளுந்து நின்றது. சாக்குகளில் அள்ளிக் கட்டினான். பிறகு மரத்தடியைப் பார்த்துக் கேட்டான்:

"அம்மா, மூட்டைய டிக்கியிலயும் பின் சீட்டுலயுமா ஏத்திடவா?"

"ஏத்திடு மருதையா" என்றாள் மரியபுஷ்பம்.

குழந்தைராஜ் தலையைத் தூக்கினார்.

"அவன் உளுந்த எதுக்கு நம்ம வண்டியில ஏத்தறான்?"

"அவன் உளுந்துன்னு யாருங்க சொன்னது?"

"நீதானே சொன்ன, மருதையன் பரப்பி வெச்சிருக்கான்னு."

"பரப்பினது அவன்தான். உளுந்து நம்மளது. நேத்துதான் களத்துலேர்ந்து இங்க அள்ளிட்டு வந்தோம்."

மருதையன் மூட்டையைத் தோளில் வைத்தபடி, "அம்மா நேத்தே சொல்லிட்டாங்க சார்" என்றான் பணிவாக. "சார் தானாவே வருவாரு, நீ ஒண்ணும் கேக்காத, செடிய மட்டும் கிளறி விடுன்னு."

குழந்தைராஜ் காரை விட்டு இறங்கினார். இறங்கியது என்பதைவிடக் கழன்று வந்தார் என்று சொல்லலாம். தலையில் தூசி, மீசையில் தூசி, காதில் ஒரு நெற்று.

"அப்ப, முந்தாநாள் நின்னு போன காரு?"

"அப்படி ஒண்ணும் நிக்கலீங்க."

"நான் இத நிக்க வெக்கத்தான் பாக்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்த ஜாஹித் சொன்னானா?"

"சேச்சே. அந்தத் தம்பி வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. வாட்ஸப்புல எழுதிச்சு."

"நான் ஆயில் மாத்தாம..."

"நான் மாத்திட்டேன். கிளட்சும் பாத்தாச்சு. நீங்க படுத்தின பாட்டுக்கு நான் பாக்கலேன்னா அது எப்பவோ நின்னிருக்கும்."

குழந்தைராஜுக்கு வந்தது கோபம். கோபமும் இல்லை, ஒரு மாதிரி அழுகை. மாட்டேன் என்று சொன்ன வேலையை, வெயிலில், விரும்பி, ஒரு பிடி மிச்சமில்லாமல் செய்து முடித்திருக்கிறார். இதை யாரிடம் சொல்லி அழுவது?

"புஷ்பம், ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. ஈஸ்டருக்குப் பெரிய வண்டி வந்தாகணும். வர்ற வரைக்கும் இந்த வண்டியில நான் கால் வெக்க மாட்டேன். வீட்டுக்கு நடந்துதான் வரப்போறேன். நான் ஓட்டலேன்னா இது எப்படி ஓடுதுன்னு பாக்கறேன். இங்கயே நிக்கட்டும். நின்னா நின்னதுதான். மாதா சன்னதியில சொன்ன வாக்கு."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் நின்றார். ஆறடி உயரமும் நிமிர்ந்து நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தான் ஜெயிக்கப்போகிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

மரியபுஷ்பம் தூக்குவாளியை மூடினாள். சேலையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள். காரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கக் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கீழே கையை விட்டாள்.

களக்.

சீட்டு முன்னால் வந்தது. குழந்தைராஜின் இரண்டு முழங்காலும் தாமாகவே வலித்தன.

"நீயா?"

"நீங்க ஸ்கூட்டர எடுத்துக்கிட்டுப் போனதும் ஜாஹித் தம்பி வரும். பொங்கலுக்கே லைசென்ஸ் வந்துடுச்சுங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க கத்துக்குடுக்கறேன்னு விசிலோட வந்து உக்காருவீங்க." அவள் கண்ணாடியைச் சரி செய்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். கேலி கொஞ்சம் குறைந்த குரலில் சொன்னாள்: "கிளமென்ட் வண்டியில உக்காந்து பாத்தேங்க. எனக்குக் காலும் எட்டல, ரோடும் தெரியல. இதுல எல்லாம் எட்டுது. இத வித்துட்டா நான் மறுபடி எல்லாத்துக்கும் உங்க ஸ்கூட்டர் பின்னால உக்காந்துதானே வரணும்? எனக்கு இதுதாங்க பெரிய வண்டி."

குழந்தைராஜ் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். சுணைதான் உள்ளே போயிற்று.

"ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்."

ஏறியிருக்கலாம். அவருக்கும் ஏற ஆசைதான். மருதையன் பார்த்துக்கொண்டிருந்தான், அதுதான் கெடுத்தது.

"நடந்து வர்றேன்னு சொன்னா நடந்துதான் வருவேன்."

"சரிங்க. நான் போயி வெந்நீர் போட்டு வெக்கறேன். சுணைக்கு இதமா இருக்கும்."

சாவியைத் திருப்பினாள். முதல் தடவையிலேயே கிளம்பியது. உளுந்து மூட்டைகளும், மூட்டைகளுக்கு நடுவே மருதையனும், முன்னால் தொங்கிய கொடி மாலையுமாக, அந்தச் சின்னக் கார் வாய்க்கால் பாலத்தில் ஏறி, திரும்பும் இடத்தில் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி மறைந்தது. அவர் ஒரு நாளும் அங்கே இண்டிகேட்டர் போட்டதில்லை.

மூன்று மணிக்குச் சொன்னபடி கிளமென்டின் பெரிய கார் எதிர்ப்பக்கமிருந்து வந்தது. ஒதுக்கிப் போட்ட உளுந்துக் கொடியைக் கண்டு தூரத்திலேயே பயந்து நின்றது. கிளமென்ட் கையில் கயிற்றுச் சுருளோடு படியில் கால் வைத்து இறங்கி, இங்கும் அங்கும் தேடிக்கொண்டு வந்தார். ஆளில்லாத ரோடு. நடுவில் தலை முதல் கால் வரை தூசியாக, முதுகைச் சொறிந்துகொண்டு குழந்தைராஜ்.

"என்னண்ணே, வண்டி நின்னுடுச்சா?"

"வண்டி எங்கப்பா நின்னுச்சு" என்றார் குழந்தைராஜ். "நான்தான் நிக்கறேன்."